மாப்பிள்ளை அழைப்பில் ஹீட்டர் போட்ட கதை

டிராக்டர் பின்னால் வந்த மாப்பிள்ளை

அந்தச் சிவப்பு வண்டி என் கடைக்கு முதன்முதலில் வந்தபோது ஓடி வரவில்லை, லாரி மேல் படுத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஓர் ஆட்டோவில் அதன் சொந்தக்காரன் வந்து இறங்கினான். பட்டு வேட்டி, நெற்றியில் குங்குமம், கையில் தாம்பூலப் பை. முகம் மட்டும் துக்க வீட்டுக்குப் போய் வந்தவன் முகம்.

"அஜ்ஜி, ஓனர் இல்வா?" என்றான். பாட்டி, முதலாளி இல்லையா என்று கன்னடத்தில் கேட்கிறான்.

"ஓனர்தான் உக்காந்திருக்கேன். பாட்டி வேணும்னா வேற கடையில போய்த் தேடு" என்று தமிழில் சொன்னேன்.

"ஸாரி மேடம்."

"மேடமும் இங்க இல்ல."

"சரிங்கம்மா" என்றான். அதன் பிறகுதான் வண்டியை இறக்கச் சொன்னேன்.

என் பெயர் பழனியம்மாள். சொந்த ஊர் கௌதள்ளி. மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், ஆகவே மெதுவாகத்தான் வரும். மைசூரில் ரேடியேட்டர் கடையில் முதலாளி நாற்காலியில் பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தால் அது என் கடை. கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டுக்காரர் ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடிப்பார். குமிழி எங்கே வருகிறது என்று நான் பார்த்துச் சொல்வேன். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். இப்போது வருவதெல்லாம் அலுமினிய ரேடியேட்டர், பிளாஸ்டிக் டேங்க். பற்றவைக்கும் வேலை குறைந்துவிட்டது, ஓட்டை கண்டுபிடிக்கும் வேலை குறையவில்லை. வீட்டுக்காரர் இன்றைக்கும் தவறாமல் கடைக்கு வருகிறார். டீ சொல்லிவிட்டு வர ஓர் ஆள் வேண்டுமே.

பையன் பெயர் தினேஷ். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண் கவிதா, நர்ஸ், அனூர்க்காரப் பெண். அன்று நிச்சயதார்த்தம். பெண் வீட்டார் முன் கெத்தாக இறங்க வேண்டும் என்று அந்த இரண்டு கதவு டர்போ வண்டியில் பறந்திருக்கிறான். ஊருக்கு வெளியே வண்டி புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. கரும்பு ஏற்றி வந்த டிராக்டர்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து பெண் வீட்டு வாசலில் விட்டிருக்கிறார்.

பெண்ணின் அப்பா மாதப்பன். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வர மலைக்கு வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மருமகன் டிராக்டர் பின்னால் வருவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். தட்டு மாற்றும்போதுதான் சபையில் வாயைத் திறந்தாராம்.

"மாப்ள, அழைப்புக்கும் இந்த வண்டியிலதான் வருவீங்களா?"

"ஆமா மாமா."

"வாங்க. கோயில்ல கெளம்பி மண்டபத்து வாசல் வரைக்கும் எஞ்சின் நிக்காம வந்துட்டீங்கன்னா நான் ஒண்ணும் சொல்லலீங். நடுவழியில நின்னுதுன்னா, வித்துப்போட்டு நாலு கதவு வண்டி வாங்கோணும். என்ற பொண்ணு கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதுக்குப் பொறக்கல."

சபை சிரித்திருக்கிறது. தினேஷ் எல்லோர் முன்னாலும் சரி என்று தலையாட்டிவிட்டான். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியின் பெயரை அவன் கையில் பச்சை குத்தியிருந்தான். பெண்ணின் பெயர் இன்னும் குத்தவில்லை.

தோசைக்கல்லும் குக்கரும்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் டர்போ என்றதும் ஏதோ ராக்கெட் என்று பயப்படுகிறார்கள். விஷயம் சின்னது. எஞ்சின் வெளியே விடும் புகை ஒரு காற்றாடியைச் சுற்றுகிறது. அதே தண்டில் மறுபக்கம் இருக்கும் காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகம் போனால் பெட்ரோல் அதிகம் எரியும், வண்டி பறக்கும். ஆனால் அந்தப் புகை இரும்பைச் சிவக்க வைக்கும் சூடு. அமுக்கிய காற்றும் சூடாகும், அதை ஆற்ற இன்டர்கூலர் என்று இன்னொரு ரேடியேட்டர் முன்னால் நிற்கும். டர்போ தண்டை ஆற்ற எண்ணெய் ஓடும், கூலண்ட் கலந்த தண்ணீர் ஓடும்.

தினேஷிடம் கேட்டேன். "வேகமா வந்து நிறுத்தினதும் என்ன செய்வே?"

"ஆஃப் பண்ணிட்டு இறங்குவேம்மா."

"உடனேயா?"

"ஸ்டைலா இறங்கணும்ல."

"தோசைக்கல் நல்லா காய்ஞ்சு கிடக்கறப்ப எண்ணெய ஊத்திட்டு அப்படியே விட்டுட்டுப் போனா என்ன ஆகும்?"

"கருகிப் பிசுக்காயிடும்."

"உன் டர்போவுக்குள்ள அதான் கிடக்குது. நீ ஸ்டைலா இறங்கற ஒவ்வொரு தடவையும் எண்ணெய் ஓட்டம் நின்னு அங்கேயே கருகியிருக்குது."

சாமுண்டி மலைமேல் விரட்டி ஏறி, ஏறிய சூட்டோடு அணைத்துவிட்டு, வண்டியோடு நின்று படம் எடுப்பது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கமாம்.

டர்போவுக்குப் புது உள்பாகம் போட்டது வேறு ஒரு மெக்கானிக். சூட்டுக்கான வேலை முழுக்க என்னுடையது. முன்பக்கத்தைக் கழற்றினால் ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் மூன்றும் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டி நிற்கின்றன. இடுக்கெல்லாம் இலவம்பஞ்சும் வண்டும் பட்டாம்பூச்சியும். பின்பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுத்தான் கழுவ வேண்டும். முன்னாலிருந்து வேகமாக அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போகும், மெல்லிய தகட்டுச் செதிலும் மடங்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் செத்திருந்தது. மூடி அழுத்தம் பிடித்தால்தான் உள்ளே இருப்பது சீக்கிரம் கொதிக்காது. குக்கரில் கேஸ்கெட் போன கதைதான். வழியில் யாரோ போர்வெல் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள், அதை வடித்துக் கழுவி, கூலண்ட் ஊற்றி, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றினேன்.

டர்போவை மூடியிருக்க வேண்டிய தகடு மட்டும் காணவில்லை.

"ஹீட் ஷீல்டு எங்கப்பா?"

"கழட்டிட்டேம்மா. பானெட் தூக்கினா டர்போ தெரியணும்னு. லுக்கு."

"உங்க வீட்டு அடுப்பையும் ஹால்ல வச்சிருக்கீங்களா, லுக்குக்கு?"

மறுநாள் தகட்டைக் கொண்டு வந்தான். பூட்டினேன். புகைக்குழாய்க்குச் சூடு தாங்கும் நாடா, ஹீட் ராப், சுற்றினேன். ஓட்டிப் பார்த்தோம், சூடு காட்டும் மீட்டர் முள் பாதியைத் தாண்டவில்லை. "இனி நிக்காது, நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான் என்று இந்தத் தெருவுக்கே தெரியும். அது கொஞ்சம் தொல்லைதான்.

சித்தண்ணாவின் பூவலை

அழைப்பு அன்று சாயங்காலம் கோயில் வாசலுக்கு நான் போனது சாப்பாட்டுக்குத்தான். மே மாதம், தார் ரோடு இன்னும் அனலடித்தது. வண்டியைப் பார்த்தேன். மார்க்கெட் பூக்காரர் சித்தண்ணா பானெட்டிலிருந்து பம்பர் வரைக்கும் மல்லிகையில் வலை பின்னிக் கட்டியிருக்கிறார். காற்று நுழையும் கிரில் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. அந்த வலைக்குப் பின்னால்தான் அப்பளக் கட்டு மூன்றும் மூச்சு வாங்க வேண்டும்.

மடியில் ஹோஸ் வெட்டும் கத்தி எப்போதும் இருக்கும். எடுத்தேன்.

"அய்யய்யோ, ஏனம்மா இது! ராத்திரி பூரா கட்டினது" என்று சித்தண்ணா குறுக்கே விழுந்தார்.

"வண்டி மூச்சு விட வேணாமா?"

"வண்டி மூச்சு விடுதா? நான் எத்தனை கல்யாண வண்டி கட்டியிருக்கேன், ஒண்ணும் என்கிட்ட மூச்சு விடணும்னு கேட்டதில்ல."

"அதெல்லாம் சாது வண்டி. இதுக்கு டர்போ இருக்குது."

"டர்போவுக்கும் சேர்த்து ஒரு முழம் வைக்கறேன், விடுங்கம்மா!"

அவர் கட்ட, நான் வெட்ட, கடைசியில் முன்பக்கப் பூ முழுக்கப் பின்பக்கம் போயிற்று. சித்தண்ணா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "முன்னாடி பாத்தா முண்டம், பின்னாடி பாத்தா மாப்ள. இத நான் கட்டினேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதற்குள் மாப்பிள்ளை வந்தான். தலையில் ஜரிகை போட்ட மைசூர் பேட்டாத் தலைப்பாகை. அந்த வண்டியின் கூரை அவன் காதளவுதான் இருக்கும். பேட்டாவோடு நேராக உட்கார முடியாமல் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தான். வேறு யாரையும் ஓட்ட விடமாட்டேன் என்று அடம். பக்கத்து இருக்கையில் அவனுடைய சரோஜா அத்தை உட்காருவதாகப் பேச்சு. அதற்காகவே புதுப் பட்டுச்சேலை எடுத்தவர். அத்தை கதவில் கை வைக்கும்போது தினேஷ் என்னைப் பார்த்தான்.

"அத்தை, ஸாரி. அம்மா உக்காரட்டும். மீட்டர் பாக்க ஆள் வேணும்."

"எந்த அம்மாடா?"

"ரேடியேட்டர் அம்மா."

சரோஜா அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "என் தம்பி பையன் கல்யாணத்துல, ரேடியேட்டருக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லையா?" என்று சபைக்கே கேட்கச் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த இருக்கை தரையோடு தரையாக இருந்தது. உட்காருவது விழுவது மாதிரி சுலபம், எழுவதுதான் என் முட்டிக்கு முடியாது என்று உட்கார்ந்த பிறகே தெரிந்தது.

ஹீட்டர்

ஊர்வலம் என்றால் நத்தை பரவாயில்லை. பேண்டுக்காரர்கள் நாலு அடி வைத்து ஒரு பாட்டு வாசிப்பார்கள். ஆடுகிறவர்கள் முன்னே போகவே மாட்டார்கள். ஓடாத வண்டிக்குக் காற்று வராது, ஃபேன் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. முதல் தெரு முடியுமுன்பே முள் பாதியைத் தாண்டியது.

"ஏசிய அணை" என்றேன்.

அணைத்தான். முள் நிற்கவில்லை.

"ஹீட்டர போடு. சூடு முழுசா, காத்து முழுசா."

"ஹீட்டரா? அம்மா, மே மாசம்!"

"எஞ்சின் தண்ணிதான் ஹீட்டருக்குள்ளயும் ஓடுது. அங்க இருக்கற சூட்ட இங்க இழுக்கும். எஞ்சின் வேகணுமா, நாம வேகணுமா?"

போட்டான். இட்லிப் பானைக்குள் மூடி வைத்த மாதிரி ஆனது. மாப்பிள்ளைக்குப் பூசியிருந்த பவுடர் கோடு கோடாக வழிந்தது. பேட்டாவின் சாயம் காதோரம் இறங்கியது. என் பட்டுச்சேலை முதுகோடு ஒட்டிவிட்டது. வீடியோக்காரர் கண்ணாடி வழியாக விளக்கை அடித்து, "ஸார், ஸ்வல்ப ஸ்மைல்! அஜ்ஜி, நீங்களும்!" என்றார். கொஞ்சம் சிரிக்கச் சொல்கிறார். நான் அவரைப் பார்த்த பார்வையில் வேறு பக்கம் போய்விட்டார். ஆனால் முள் இறங்கியது. இளைஞர்களே, குறித்துக்கொள்ளுங்கள்: ஓட்டும்போது சூடேறினால், ஓரம்கட்ட வழி இல்லையென்றால் ஏசி அணை, ஹீட்டர் போடு. வெட்கப்படாதே.

நடுவழியில் பெண் வீட்டார் எதிர்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கு மாலையும் சால்வையும் போட்டு அழைத்துப் போவது முறை. மாதப்பன் சால்வையோடு வந்தார். ஜன்னல் அவர் இடுப்புக்கும் கீழே இருந்தது. அவர் வயிறு குனிய விடவில்லை, இவன் பேட்டா வெளியே வர விடவில்லை. இரண்டு முறை முயன்றார்கள்.

சரோஜா அத்தைக்கு யோசனை வந்தது. "மாப்பிள்ளைக்குப் போட்டா என்ன, மாப்பிள்ளை வண்டிக்குப் போட்டா என்ன? பானெட் மேல போத்துங்க சம்பந்தி!"

போர்த்தினார். ஒருவர் போர்த்தினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கொள்ளேகால் பங்காளிகள், அனூர் பங்காளிகள், மைசூர் மாமன்கள், எல்லோரும் ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு மாலை. பானெட்டில் சூடு வெளியேறும் இரண்டு வாய் உண்டு, இரண்டும் மூடிவிட்டன. மாலைகள் சரிந்து கிரில் மேல் தொங்கின. மார்கழி மாதத்துக் கைக்குழந்தைக்குப் போர்த்தினது மாதிரி வண்டியைப் போர்த்திவிட்டார்கள். முள் விறுவிறுவென்று ஏறியது.

"எடுங்க! எடுங்க!" என்று கத்தினேன். பேண்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இறங்கலாம் என்றால் முட்டி எழவில்லை. கை நீட்டி ஹாரனை அழுத்தினேன். ஆடுகிறவர்களுக்கு அது தாளமாகிவிட்டது, விசிலடித்துக்கொண்டு இன்னும் ஆடினார்கள்.

"அம்மா, சிவப்புக்குப் போகுது. அணைச்சிடட்டுமா?" என்றான் தினேஷ். அணைத்தால் எஞ்சின் பிழைக்கும், வண்டி கையை விட்டுப் போகும். அணைக்காவிட்டால் இரண்டும் போகும். "சிவப்பத் தொட்டா அணைச்சிரு. அதுவரைக்கும் பொறு" என்று சொல்லிவிட்டு ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அழுத்தினேன்.

விடாமல் அடிக்கும் ஹாரனுக்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். மலைப்பாதையில் பஸ் ஓட்டியவருக்கு. மாதப்பன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்கம்மா, பிரேக் புடிக்கலீங்களா?"

"பிரேக் இருக்குதுங்க. காத்துதான் இல்ல. உங்க சால்வைய எடுங்க."

"போட்ட சால்வைய எடுக்கறதா? சபையில போட்டதுங்க அது."

அவர் எடுக்கவில்லை. நின்றார். இந்த வண்டி நின்றால் ஜெயிப்பது அவர்தானே. எனக்கு அப்போதுதான் அது உறைத்தது: வண்டி நிற்க வேண்டும் என்று யார் பந்தயம் கட்டினாரோ அவரிடமே கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கெஞ்சியும் பழக்கமில்லை.

மீட்டரைப் பார்க்கக் குனிந்தார். எப்படிக் குனிந்தாரோ, இந்த முறை வயிறு தடுக்கவில்லை. ஹீட்டர் காற்று முகத்தில் அறைந்தது.

"இதென்னுங்க, அடுப்பாட்டம்?"

"ஹீட்டருங்க. எஞ்சின் சூட்ட உள்ள இழுக்கறோம்."

அவர் மருமகனைப் பார்த்தார். ஒரு கன்னத்தில் பவுடர், ஒரு கன்னத்தில் பேட்டா சாயம், கோணல் தலை.

"எந்நேரமா மாப்ள இப்படி உக்காந்திருக்கீங்?"

"கோயில் தெருவிலேர்ந்து மாமா."

"அணைச்சுப்போட்டு எறங்கியிருக்கலாமில்ல? கல்யாண மாப்ள, ஆராச்சும் குத்தம் சொல்லுவாங்களா?"

"வண்டி நின்னுடும் மாமா."

மாதப்பன் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி இடது காலைக் காட்டினார். தோல் பழுப்பேறி மினுமினுத்தது. "மலை ஏறறப்ப எஞ்சின் மூடியத் தொறந்து வச்சு ஓட்டுவனுங். சூடு பூரா இந்தக் காலுக்கு வரும். பஸ்ஸு மட்டும் ஒரு நாளும் நின்னதில்ல." வேட்டியை இறக்கினார். தன் சால்வையைப் பானெட்டிலிருந்து உருவித் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். மற்ற சால்வைகளை அள்ளிச் சரோஜா அத்தை கையில் திணித்தார். மாலைகளை அறுத்தெறிந்தார்.

"சம்பந்தி, அபசகுனம்!" என்றார் அத்தை.

"வண்டி கொதிக்கறதுதானுங் அபசகுனம். இனி ஆராச்சும் துணி கிணி போட்டீங்கன்னா பந்தியில எலை கெடையாது!"

பிறகு பேண்டுக்காரர்களிடம் போனார். "வண்டிக்குக் காத்து வேணும். ஓடிட்டே வாசிங்க!"

"ஓடிட்டா ஸார்?"

"ஓடோணும்! ரைட்... ரைட்!"

மைசூரில் அப்படி ஒரு மாப்பிள்ளை அழைப்பு நான் பார்த்ததில்லை. பேண்டு ஓடியது, ஆடியவர்கள் ஓடினார்கள், சரோஜா அத்தை சால்வை மூட்டையோடு ஓடினார், எல்லாருக்கும் முன்னால் மாதப்பன் இரண்டு கையாலும் போக்குவரத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். பெரிய மேளக்காரர் மட்டும் ஆட்டோவில் ஏறி அடித்துக்கொண்டு வந்தார். காற்று கிரில்லில் நுழைந்தது. முள் சிவப்பின் வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

மண்டபத்து வாசல்

ஆரத்தித் தட்டோடு பெண்கள் காத்திருந்தார்கள். ஐயர் கையை ஆட்டினார். "அணைச்சுட்டு இறங்குங்கோ, நல்ல நேரம் போறது!"

தினேஷ் என்னைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. இப்போது அணைத்தால் தண்ணீர் ஓட்டம் நிற்கும், எண்ணெய் ஓட்டம் நிற்கும், இத்தனை சூடும் டர்போவில் போய் உட்காரும். மறுபடி தோசைக்கல்.

நிச்சயத்தன்று சபை முன்னால் தலையாட்டிய பையன், இப்போது சபை முன்னாலேயே சொன்னான்: "ரெண்டு நிமிஷம், சாமி."

"நல்ல நேரத்துக்கு ரெண்டு நிமிஷம்னா தெரியுமா?" என்று ஐயர் ஆரம்பித்தார். மாதப்பன் நடுவில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"இருங்க சாமி. மலை ஏறி வந்த வண்டிய வந்ததும் அணைக்கப்படாது. என்ற பஸ்ஸும் அப்படித்தான். நல்ல நேரம் எங்க போயிடும், இங்கதான் இருக்கும்."

எல்லோரும் நின்றார்கள். ஆரத்தித் தட்டு நின்றது, பேண்டு நின்றது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முள் பாதிக்கு வந்ததும் நான் "ம்" என்றேன். தினேஷ் அணைத்தான். வண்டி அணைந்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடியது. "சாவி எடுத்தும் ஓடுது பாரு, காத்து கருப்பு புகுந்திருக்கு" என்று சரோஜா அத்தை அந்தக் காற்றுக்கும் சேர்த்து ஆரத்தி சுற்றினார்.

மாப்பிள்ளையை இறக்க ஒருவர் போதும். என்னை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

"வாசல் வரைக்கும் நிக்கலீங் மாப்ள" என்றார் மாதப்பன். "விக்க வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்து, இன்டர்கூலரைப் பற்றிப் பாயசம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாண ஆல்பத்தில் அழைப்புப் படங்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை பக்கத்தில் நான்தான் இருக்கிறேன். சரோஜா அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். காற்று வரும் வழியை அடைக்காதே, அழகுக்கும் கூடாது, மரியாதைக்கும் கூடாது. சூடான மூடியைத் திறக்காதே. விரட்டிய வண்டியை உடனே அணைக்காதே. வாடிக்கையாளர் எவ்வளவு கெஞ்சினாலும் பக்கத்து இருக்கையில் ஏறாதே.

குழந்தை பிறந்ததும் தினேஷே ஒரு நாலு கதவு வண்டி வாங்கிவிட்டான். சிவப்பு வண்டி இப்போது அனூரில் மாதப்பனிடம் இருக்கிறது. எப்போதாவது கூலண்ட் பார்க்க என் கடைக்கு வருவார். வந்ததும் இறங்க மாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கி, பொறுங்கள் என்று எனக்கு ஒரு கையைக் காட்டுவார். நான் அப்படி வாசலில் நின்று யாருக்கும் காத்திருக்கிறவள் இல்லை. டர்போவுக்காக நிற்கிறேன்.